1880 ரேட்டிங்காரரை ஜெயித்த வியாசர்பாடிப் பையன்

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியமா? அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. காலையில் பெரம்பூர் மார்க்கெட்டுக்கு நடந்தே போய் வருகிறார்கள்.

பொண்ணை செஸ் டோர்னமெண்டுக்கு அனுப்பத் தயக்கமாக இருக்கிறது, எதிரில் உட்காருகிறவர்களுக்கு எல்லாம் 1800, 1900 ரேட்டிங் என்று எழுதியிருந்தாய். ரேட்டிங் என்பது ஒருவர் எவ்வளவு பலமாக ஆடுகிறார் என்று சொல்லும் எண்தான், தயங்காதேடா.

போன ஞாயிறு இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் ரேட்டட் டோர்னமெண்ட். என்னிடம் படிக்கும் வியாசர்பாடிப் பையனுக்கு 1480, எதிரில் இருந்தவருக்கு 1880. ஆட்டத்தின் முடிவில், யானை எண்ட்கேமில் பையனிடம் ஒரு சிப்பாய் கூடுதல். யானையைச் சிப்பாய்க்குப் பின்னால் நிறுத்திவிட்டு, ராஜாவை ஒவ்வொரு கட்டமாக நடுவுக்கு நகர்த்தினான். கடிகாரத்தில் நேரம் குறைந்தும் கை பதறவில்லை. அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டு, “இவனுக்கா 1480?” என்று நடுவரைக் கேட்டார்.

ரேட்டிங் போடும் எலோ கணக்குப்படி 400 புள்ளி வித்தியாசம் இருந்தால், கீழே இருப்பவருக்கு 100 ஆட்டத்தில் (ஜெயித்தால் ஒன்று, டிரா என்றால் அரை) எட்டுப் புள்ளிதான் கிடைக்க வேண்டும். ஆனால் அந்த 1480 ரேஷன் கார்டில் ஒட்டிய பழைய போட்டோ மாதிரி. பையன் எப்போதோ வளர்ந்துவிட்டான். ராத்திரி முழுக்க போனில் ஆடுகிறான், புதிர் போடுகிறான். அதெல்லாம் உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் ரேட்டிங்கில் ஏறாது. நுழைவுக் கட்டணம் கட்டி ஆடினால்தான் ஏறும். அதற்கு வீட்டில் காசில்லாத பிள்ளைகள் புளியந்தோப்பிலும் காசிமேட்டிலும் எத்தனை பேர்! எனக்கு மனசு ஆறவே இல்லை.

கொரோனாவில் டோர்னமெண்டுகள் நின்றபோதும் பிள்ளைகள் வீட்டில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். கீழ்மட்ட ரேட்டிங் சரியில்லை என்று கடைசியில் ஃபிடேயே ஒத்துக்கொண்டது. 2024 மார்ச்சில், 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000-ஐ எட்ட எவ்வளவு குறைகிறதோ அதில் 40 சதவீதத்தை ஏற்றிக் கொடுத்தார்கள். 1000-இல் இருந்தவர் 1400 ஆனார்.

2023 கத்தார் மாஸ்டர்ஸில் உலகின் நம்பர் ஒன் கார்ல்சன் 2512 ரேட்டிங் உள்ள சுலைமெனோவிடம் தோற்றார். அதே போட்டியில் நம் தஞ்சாவூர் கார்த்திகேயன் முரளியும் கார்ல்சனை ஜெயித்தார். அது வேறு கதை. அங்கே எண்கள் ஏறக்குறைய சரிதான், என்றைக்கோ ஒருநாள் நடக்கக்கூடியது அன்றைக்கு நடந்தது. நம் பையன் விஷயத்தில் எண்ணே தப்பு. இரண்டையும் ஒரே மாதிரி ‘அதிர்ச்சித் தோல்வி’ என்று எழுதிவிடுகிறார்கள்.

உன் பொண்ணு விஷயத்துக்கு வருகிறேன். 18 வயதுக்குள் என்பதால் அவளுக்கு கே 40 (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண்). 400 புள்ளி மேலே இருப்பவரை ஜெயித்தால் ஏறக்குறைய 37 ஏறும், தோற்றால் மூன்று சொச்சம்தான் போகும். அடுத்த மாதம் இங்கேயே இன்னொன்று இருக்கிறது. நம் வீட்டிலேயே தங்கட்டும், அம்மாவுக்கும் பேச்சுத் துணை. ஃபிடே ஐடியை மட்டும் சீக்கிரம் அனுப்பு, பெயரைப் பதிந்துவிடுகிறேன்.

உன்,
மோகன்