தோளுக்கும் ஒரு லாஸ்ட் செய்யுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, சென்னைப் பக்கம் தோல்பொருள் தயாரிக்கிறவர்களுக்கும், அங்கே டிசைன் போடுகிறவர்களுக்கும் வணக்கம்.

மெல்லிசைக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் நான். உங்களிடம் கேட்க வந்தது ஒரே ஒரு பொருள், பேஸைத் தோளில் மாட்டும் ஸ்ட்ராப். எங்கள் ஆட்கள் பலர் பெல்ட் என்றுதான் சொல்வார்கள். கடைகளில் தொங்குவதில் பெரும்பாலானவை 2 அங்குல நைலான் நாடா, இரண்டு முனையிலும் துளை போட்ட தோல் துண்டு. 3 கிலோ கிட்டாருக்கு அது போதும். பேஸ் 4 கிலோவிலிருந்து நாலரை கிலோ வரை போகும், 5 கம்பி பேஸ் என்றால் இன்னும் கூடுதல். ரிசப்ஷன் கச்சேரியில் பாடகர்கள் மாறி மாறி வருவார்கள், உட்கார்ந்துகொள்வார்கள். பேஸ்காரர் மூன்று மணி நேரமும் அதைச் சுமந்தபடி நிற்க வேண்டும். கூட்டத்தில் யாரும் எங்களைப் பார்ப்பதில்லை என்பது வேறு கதை.

ஒருகாலத்தில் இந்தப் பாரத்தைத் தரை சுமந்தது. ஆளுயர டபுள் பேஸ் தன் முள்ளை ஊன்றி நின்றது, வாசிப்பவர் அதை அணைத்துப் பிடித்தால் போதும். 1951இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர், பிரசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வேலை பரவலாகத் தோளுக்கு வந்தது. கம்பியின் நீளம் 34 அங்குலம், ஃபெண்டர் கிட்டாரில் அது இருபத்தைந்தரைதான். நீண்ட கழுத்து (நெக்), அதன் நுனியில் பெரிய பெரிய டியூனிங் கீ. பாரம் இறங்குவதோ, வலது கைக்காரராக இருந்தால், இடது தோளில் மட்டும்.

‘அகலப்படுத்தினால் சரியாகிவிடும்’ என்று யாரும் சொல்வார்கள். பாதிதான் சரி. மூன்றரை அங்குல ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். தோள் பலகை மாதிரி சமமாக இல்லை, கழுத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சரிகிறது. நேர்க்கோட்டில் வெட்டிய பட்டையின் உள்விளிம்பு கழுத்தோரம் அழுந்துகிறது, வெளிவிளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கிறது. அங்கே ஒரு விரலை நுழைக்கலாம். அகலத்துக்குக் கொடுத்த காசில் பாதி காற்றில் நிற்கிறது. அழுத்தம் முழுக்கக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசையில் போய் உட்கார்கிறது. கைக்குப் போகும் நரம்புகளும் காறையெலும்புக்கு அடியில்தான் போகின்றன. கச்சேரி முடியும் நேரத்தில் சிலருக்கு விரல் மரத்துப்போவதில் ஆச்சரியமில்லை.

இதை உங்களிடம் வந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. காலுக்கு ஷூ செய்யும்போது தட்டையான தோலை அப்படியே தைத்து அனுப்புவதில்லை. லாஸ்ட் என்கிற பாத வடிவ அச்சை வைத்து, பாதத்தின் மேடு பள்ளத்துக்குத் தோலை இழுத்துப் படியவைக்கிறீர்கள். அதே கையால் தோளுக்கு ஒரு லாஸ்ட் செய்யுங்கள். தோளில் உட்கார வேண்டிய இடத்தை மட்டும் அந்தச் சரிவுக்கு வளைத்து வெட்டி, முன்னும் பின்னும் குறுக்கிக்கொண்டு போனால் மார்பிலும் அக்குளிலும் இடிக்காது.

உள்ளே வைக்கும் திண்டு மெத்தென்று இருக்க வேண்டாம். கடையில் அமுக்கிப் பார்க்கச் சுகமாக இருக்கும் ஸ்பாஞ்ச், பாரம் ஏறியதும் பப்படம் மாதிரி நசுங்கிப்போகும். கெட்டியான ஃபோம் போதும். ரப்பர் போல இழுபடும் நியோப்ரீன் ஸ்ட்ராப்பும் கிடைக்கிறது. மாட்டியதும் பேஸ் எடை குறைந்தது போலத் தோன்றும், ஆனால் காலால் தாளம் போட்டாலே பேஸ் மேலும் கீழும் ஆடும். குத்துப்பாட்டு வந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு தோளிலும் மாட்டும் வகை பாரத்தை நன்றாகவே பிரிக்கிறது, கழற்றி மாட்டத்தான் நேரமாகும்.

உட்பக்கம் வழுக்கக் கூடாது. சில பேஸ்களில் கையை எடுத்தால் நெக் தரையை நோக்கிச் சாயும். கிப்சன் கம்பெனியின் எஸ்.ஜி. கிட்டார் வடிவ பேஸ்களுக்கு இது பேர்போன தொல்லை. நைலான் நாடாவில் இது இன்னும் மோசம். இடது கை ஸ்வரம் பிடிக்குமா, நெக்கைத் தூக்கிப் பிடிக்குமா? ஸ்வேட் (suede) என்கிற சொரசொரப்பான தோல் வைத்தால் சட்டையோடு ஒட்டி நிற்கும், சரிவு ஓரளவு அடங்கும். ஆனால் சாயம் ஏற்றிய ஸ்வேட் நம் ஊர் வேர்வையில் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். மே மாத முகூர்த்தம், மண்டபத்தில் ஏசி பெயருக்கு ஓடுகிறது. இடைவேளையில் ஸ்ட்ராப்பைக் கழற்றினால், குழுவுக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை கறுப்புப் பட்டை. பூணூல் போட்டது போல இருக்கிறது என்று கீபோர்டுக்காரர் சிரிப்பார். சாயம் போடாத, தாவரப் பதனீடு செய்த ஆட்டுத் தோலை ஷூவுக்குள் லைனிங்காகப் போடுகிறீர்களே, வேர்வையை உறிஞ்சும் அந்தத் தோலைச் சொரசொரப்பான பக்கம் சட்டையில் படும்படி இங்கேயும் போடலாம். இப்படித் தாவரப் பதனீடு செய்து, புவிசார் குறியீடும் வாங்கிய ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் நம் ஊர்ச் சரக்கு. அதை வெளியே தேடிப் போக வேண்டியதில்லை.

நீளம் கூட்டிக் குறைப்பதில் ஒரு சிக்கல். இப்போதுள்ள திண்டு ஸ்ட்ராப்புகளில் திண்டு ஓர் இடத்தில் தைக்கப்பட்டிருக்கிறது. குட்டையான ஆள் நீளத்தைக் குறைத்தால் திண்டு முதுகுக்குப் போய்விடும், பக்கிள் காறையெலும்பில் ஏறி உட்காரும். பெண் கலைஞர்களுக்கு இது இன்னும் தொல்லை. திண்டு தனியாக நகரட்டும், பக்கிளை முதுகுப் பக்கம் கீழே தள்ளிவிடுங்கள்.

முனைத் துளைக்கு மட்டும் மெல்லிய தோல் வேண்டவே வேண்டாம். துளை நாளடைவில் தளர்ந்தால், அதில் மாட்டியிருக்கும் பேஸின் பட்டன் வெளியே வந்துவிடும், மேடையில் பேஸ் காலடியில் விழும். 3, 4 மில்லிமீட்டர் கனமுள்ள கெட்டித் தோலாக இருந்தால் ஸ்ட்ராப் கழலாமல் பிடிக்கும் ஸ்ட்ராப் லாக் மாட்டிக்கொள்ளவும் வசதி.

இறக்குமதி ஸ்ட்ராப்பில் இவற்றில் சில இருக்கின்றன. விலையைக் கேட்டால் ஒரு கச்சேரிச் சம்பளம் போய்விடும். தரமான தோலும் தையல் கைகளும் இங்கே இருக்கும்போது அப்படி வாங்க மனம் வரவில்லை.

மாதிரி தைப்பதாக இருந்தால், மேஜை மேல் வைத்து அளந்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். எந்தக் குழுவின் ரிகர்சலுக்கும் வாருங்கள். உயரமானவர், குட்டையானவர், பருமனானவர் என்று மூன்று பேருக்காவது மாட்டிவிட்டு, முதல் பாட்டிலேயே கிளம்பாமல் கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து பாருங்கள். டீ எங்கள் செலவு.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு பேஸ் கிட்டார் கலைஞர் ஒருவர்,
சென்னை