சத்தம் வருது, படம் வரல தம்பி

தம்பி,

நல்லா இருக்கியா. வேளைக்கு சாப்பிடு. இங்க எல்லாரும் சுகம், ஆனா நீ போன தடவ வந்து மாட்டிட்டுப் போன ஹோம் தியேட்டர்ல படம் நின்னுடுச்சு. டிவில ‘நோ சிக்னல்’னு ஒரு கட்டம் மிதக்குது, ஸ்பீக்கர்ல மட்டும் யாரோ நியூஸ் படிக்கிறாங்க. மாமா வந்து பாத்துட்டு டிவி போயிடுச்சு புதுசு வாங்குங்கன்னுட்டாரு, அவரப் பத்தி உனக்குத் தெரியாததா.

நான் ஒத்துக்கல. சத்தத்த ஸ்பீக்கருக்கும் படத்த டிவிக்கும் பிரிச்சு அனுப்புற ரிசீவர்ல சத்தம் வருதுன்னா, அதுல சொருகியிருக்குற நெட்டுப் படம் காட்டுற ஸ்டிக்கு நல்லா இருக்கு, அங்க வரைக்கும் வழியும் நல்லா இருக்கு, அதத் தாண்டி டிவி வரைக்கும் நடுவுல எங்கயோதான் கோளாறு. 1982ல இலங்கை டிவி ரூபவாஹினி ஆரம்பிச்சப்புறம் வேதாரண்யத்துல வீடு வீடா பைப்பு நட்டு பூஸ்டர் மாட்டுனவன்டா நான், மாமா சொல்லியா தெரிஞ்சுக்கணும். அப்பல்லாம் சிக்னல் கொறஞ்சா புள்ளி புள்ளியா தெரியும், ஆன்டெனாவ லேசா திருப்பிக்கலாம். இப்ப படமும் சத்தமும் சேந்து போற இந்த எச்டிஎம்ஐ கேபிள்ல ரெண்டு மினுக்கு மினுக்கிட்டு ஒரேயடியா கருப்பாயிடுது.

முதல்ல எல்லா பிளக்கையும் புடுங்கிப் போட்டுட்டு ஒரு காபி குடிச்சிட்டு வந்தேன். அப்புறம் டிவி முதல்ல, ரிசீவர் அடுத்து, ஸ்டிக்கு கடைசின்னு ஆன் பண்ணேன், மூணும் ஒண்ணையொண்ணு நீ யாரு எவ்ளோ தாங்குவன்னு விசாரிச்சுக்குமாமே, அதுல சிக்கல்னா இதுலயே சரியாயிடும். ஆகல. ஸ்டிக்க நேரா டிவில சொருகுனேன், பளிச்சுனு வந்துச்சு. மாமா மூஞ்சிய நீ பாத்திருக்கணும்.

நீ வாங்கிக் குடுத்ததுன்னு தெருவுல நான் சொல்லாத ஆளு இல்ல தம்பி. ஆனா செவுத்துக்குள்ள பைப்புல பத்து மீட்டர் கேபிள இழுத்து விட்டியே, எந்த கேபிளுன்னு ஒரு வார்த்த சொன்னியா? எதையுமே சொல்றதில்ல நீ. சரி விடு. வேளைக்கு சாப்பிடு, கடைல வாங்கித் தின்னுட்டு படுக்காத.

போன தடவ நீ வீடியோல வந்தப்போ பின்னாடி செவுத்துல அந்த போட்டோ இல்ல, ஆணி மட்டும் இருந்துச்சுன்னு அம்மா சொன்னா. நான் கவனிக்கல. வெளிச்சம் கம்மியா இருந்துச்சுல்ல. அதுக்கப்புறம் நெட்டு சரியில்லன்னு வெறும் வாய்ஸ்தான். மருமக வேலைக்குப் போயிருப்பான்னு அம்மாட்ட நான்தான் சொல்லி வச்சிருக்கேன்.

ஆங், கேபிள். ஸ்டிக்கு டிவில இருக்கும்போதே செட்டிங்ஸ்ல படத்தோட தெளிவ 1080பின்னு கொறச்சுட்டு திரும்ப ரிசீவர்ல போட்டேன், படம் வந்துடுச்சு. அதவிடத் தெளிவான 4கே வச்சா போயிடுது. ரிசீவரத் தூக்கிட்டு வந்து டிவிகிட்ட வச்சு சின்ன கேபிள்ல போட்டா 4கேவும் ஓடுது. அப்ப ரிசீவர் மேல குத்தமில்ல, செவுத்துக்குள்ள இருக்கறதுதான். 4கே 60 ஹெர்ட்ஸ்க்கு, அதாவது நொடிக்கு அறுபது படம் ஓட, கேபிள் 18 ஜிபிபிஎஸ் வேகம் தாங்கணும், அவ்ளோ நீளத்துக்கு சாதா செம்புக் கேபிள் தாங்குறது கஷ்டம். இத்தன நாள் தொத்திக்கிட்டு ஓடியிருக்கு, பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவனுங்க டிவிய இழுத்து அந்த முனைய மடக்கிட்டானுங்கன்னு நெனைக்கிறேன்.

இப்போதைக்கு 1080பில ஓடுது, அம்மாவுக்கு சீரியல் பாக்க அது போதும். புதுசா ஃபைபர் கேபிள்தான் இழுக்கணும். அதுல ஒரு முனைல சோர்ஸ்னும் இன்னொண்ணுல டிஸ்ப்ளேன்னும் போட்டிருக்கும், மாத்திப் போட்டா படம் வராது, பாத்து வாங்கணும். இங்கயும் கெடைக்கும். நீ வரும்போது வாங்கிட்டு வந்தா நல்லது. தனியா வந்தாலும் பரவால்ல, வா.

அதுக்கு முன்னாடி டிவி பின்னாடி இருக்குற போர்ட்ட நீ ஒரு தடவ பாத்து சொல்லணும், மடங்குன முனை அந்த ஓட்டையையும் கெடுத்திருந்தா புதுக் கேபிள் வாங்கியும் பிரயோசனமில்ல. ஞாயித்துக்கெழம கூப்புடு. வாய்ஸ்ல கூப்புடாத, போர்ட்டு எப்படி தெரியும்? அம்மா போன புடிச்சுக்குவா, நீயும் லைட்டப் போட்டு உக்காரு.

அப்பா