இடது ஹல்லுக்கு விலை குறைக்க மாட்டேன், அண்ணா

அன்புள்ள அண்ணா,

முடிவு செய்துவிட்டேன். டோர்னாடோவை, இரண்டு ஹல்கள் (மிதக்கும் உடல்கள்) கொண்ட அந்தப் பாய்மரப் படகை, நானே எடுத்துக்கொள்கிறேன். அதை நீங்கள் விற்கப்போவது மூன்றாம் மனிதர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வருத்தத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

சென்ற வாரம், நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தேன். ஒரு நாணயத்தால் இரண்டு ஹல்களையும் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். வலது ஹல் கடைசிவரை கணீரென்று ஒலித்தது. இடது அணியத்தில், அதாவது இடது ஹல்லின் முன்பகுதியில், ஹல்களை இணைக்கும் முன் குறுக்குச்சட்டத்திலிருந்து மூன்று சாண் முன்னால், சத்தம் மங்கிப்போனது. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், அமுங்கியது. மேலே பூசிய ஒட்டு நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே நுரையும் அதை மூடிய இழைத்தோலும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்துவிட்டன. வாங்க வருகிற எவரும் அந்த ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டே பேரத்தைத் தொடங்குவார்கள்.

என்னால் அப்படிப் பேரம் பேச முடியவில்லை. அந்த இடத்தில் மோதியது உங்கள் ட்ரபீஸ் கொக்கி, பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் உடலை மாட்டிக்கொள்ளும் இடுப்புக் கொக்கி. சுக்கான் என் கையில் இருந்தது.

முன்னால் உப்பி விரியும் பாயான ஸ்பின்னேக்கர் விரிந்திருந்தது, இருவரும் ட்ரபீஸ் கம்பியில் தொங்கியபடி படகுக்கு வெளியே சாய்ந்து நின்றோம். காற்று திடீரென்று வலுத்தது. படகைக் காற்று போகும் பக்கம் விலக்கியிருக்க வேண்டும். நான் காற்றை நோக்கித் திருப்பினேன். இடது அணியம் தண்ணீருக்குள் புகுந்தது, படகு நின்றது, நீங்கள் நிற்கவில்லை. கம்பியோடு முன்பக்கமாகச் சுழன்று போனீர்கள். கொக்கி ஹல்லில் அடித்த சத்தம்தான் முதலில் கேட்டது. உங்கள் குரல் பிறகுதான் கேட்டது.

"திருப்பு" என்று கத்தினீர்கள், எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதில்லை, எனக்கே தெரிந்திருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள். ஆனாலும், அந்தக் காற்றில் ஸ்பின்னேக்கரை ஏற்ற வேண்டாம் என்று நான் இரண்டு முறை சொன்னேன், அண்ணா. அதன் பிறகு உங்கள் தோளுக்கு என்ன ஆனது, வீட்டில் யார் யாரோடு பேசாமல் போனார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். நம்மைத் தெரிந்தவர்கள் படிக்கிறார்கள்.

எனவே அந்த ஹல்லுக்காக ஒரு காசும் குறைக்க மாட்டேன். மற்றவற்றுக்குக் குறைப்பேன். ஹல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய தளமான ட்ரம்போலினின் தையல் வெயிலில் இற்றுப்போயிருக்கிறது. பெரிய பாயைச் சுருட்டாமல் மடித்து வைத்திருக்கிறீர்கள். மடிப்பு நெடுகிலும் பாயின் மைலார் பிளாஸ்டிக் படலம் உரிகிறது. பாய்மரத்தில் எஃகு ரிவெட்டுகளைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பி ஒன்றில் இழை அறுந்திருக்கிறது. இவை எதையும் நான் செய்யவில்லை. என்னைப் பார்க்கப் பிடிக்காமல் போயிருக்கலாம், படகின் மேல் ஒரு உறையைப் போட்டிருக்கக் கூடாதா?

அதே நிலையிலுள்ள மற்ற டோர்னாடோக்கள் என்ன விலைக்குப் போயின என்று விசாரித்தேன். அறிவிப்பில் கேட்ட விலையை அல்ல, கைமாறிய விலையை. அதிலிருந்து புதிய பாய், கம்பிகள், ட்ரம்போலின் ஆகியவற்றின் செலவைக் கழித்தேன். 2008 பெய்ஜிங் போட்டிகளோடு இந்த வகைப் படகு ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டது. அகலம் மூன்று மீட்டருக்கு மேல் என்பதால் பிரித்தோ சாய்த்தோதான் சாலையில் கொண்டுபோக முடியும். வாங்க ஆள் குறைவு என்று சொல்லி இன்னும் கீழே இறங்கலாம். உங்களிடம் அதைச் செய்ய மனம் வரவில்லை.

தொகையைத் தனியாக எழுதியிருக்கிறேன். நீங்கள் கேட்டதைவிடக் குறைவு; நீங்கள் பயப்படும் அளவுக்குக் குறைவில்லை. வேறு யாராவது கூடுதலாகத் தருவதாக இருந்தால் அவருக்கே கொடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். கொடுக்கும் முன் அந்த இடது அணியத்தைத் தட்டிக் காட்டிவிடுங்கள். எப்படி அடிபட்டது என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி