தேக்கைக் கரையான் தின்னுமா?

கண்டனூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள வள்ளிக்கண்ணு,

இங்கே நலம். உன்னிடமிருந்து போன் வந்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. வேலை இருக்கும், தெரியும். அகமதாபாத்தில் போள் என்னும் பழைய சந்துக் குடியிருப்பு வீடுகளின் பரண் வரை ஏறி அளவெடுக்கிறாய் என்று ஆத்தா சொன்னாள். ஏணியில் ஏறும்போது கீழே ஓர் ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். நூறு வருடத் தூசி அது, மூக்கை மூடிக்கொள்.

ஆத்தாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். சின்னவனுக்குப் பார்த்த இடம் அமையவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது முகப்பு உத்தரத்தின் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, "இரும்பில் டாட்டா முத்திரை இருக்கிறது அப்பச்சி, அவர்கள் ஆலையில் முதல் எஃகு வந்ததே 1912இல்தான்" என்றாயே, எனக்குச் சுருக்கென்றது. 1890இல் பாட்டையா கட்டிய வீடு என்று ஊரெல்லாம் சொல்லி வந்தவன் நான். நீ சிரித்தாய். முகப்பு பிந்தியதாக இருக்கும், உள்ளே முற்றம் உள்ள வளவு பழையதாகவே இருக்கலாம், ஓடு கூரையின் வயதைத்தான் சொல்லும், வீட்டின் வயதைச் சொல்லாது என்றாய். நீ போன பிறகு நானும் ஓர் ஓட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். மங்களூர் முத்திரை. அங்கே பாசல் மிஷன் ஓட்டாலை 1865இல் தொடங்கியது என்று நீ சொன்னதை நினைவில் வைத்துத்தான் பார்த்தேன். என் மகள் ஓட்டின் முதுகைப் பார்த்தே வயது சொல்லுவாள் என்று வங்கி மேலாளரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

ஆனால், பெற்றவனிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் போனை வைப்பது என்ன பழக்கம்? இரண்டாம் கட்டுத் தூண்களைக் கரையான் தின்றது என்று நான் சொன்னதற்கு, "பர்மா தேக்கின் வைரத்தைக் கரையான் தொடாதே அப்பச்சி?" என்றாய். அவ்வளவுதான், வைத்துவிட்டாய். இவ்வளவு படித்தும் மரியாதை வரவில்லை.

நீ வைத்ததே நல்லது. எனக்குப் பதில் வந்திருக்காது.

தொடாது. இரண்டாம் கட்டின் எட்டுத் தூண்களையும் கரையான் தின்னவில்லை. நான்தான் விற்றேன். 2004, ஆனி மாதம். உன் படிப்புக்காக என்று சொல்லிவிடலாம், நீயும் நம்புவாய். அதுவும் பொய்யாகிவிடும். பம்புசெட் கடையில் நான் வைத்த கடனுக்காகத்தான். பங்காளிகளைக் கேட்கவில்லை. விடியற்காலையில் லாரி வந்தது. அப்பத்தா வளவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு சாகும் வரை இரண்டாம் கட்டுக்குள் கால் வைக்கவில்லை, கொல்லைக்குப் போவதற்குக்கூடச் சந்து வழியாகச் சுற்றிப் போனார். கால்வலி என்று உங்களிடம் சொன்னதும் நான்தான். 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது ஐயா வெறுங்கையோடு நடந்து வந்து சேர்ந்தார். அடுப்பெரியாத நாளிலும் அவர் அந்தத் தூண்களை விலை பேசவில்லை.

சிமென்ட் தூண்களின் அடியில் இப்போது உப்புப் பூத்திருக்கிறது. சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும் என்றாயே, அது சரிதான். சுவரும் பொருமுகிறது.

நம் வீட்டை வரையும்போது இல்லாத தூண்களைப் புள்ளிக்கோட்டில் போடுவாய் அல்லவா? பக்கத்தில் கரையான் என்று எழுதாதே. விற்றவன் பெயரையும் வருடத்தையும் எழுது. பங்காளிகள் படித்தால் படிக்கட்டும்.

பழைய தூண்களின் அடிக்கல் நான்கு, கொல்லையில் துணி துவைக்கும் இடத்தில் கிடக்கின்றன. தேய்த்துக் கழுவி அளந்துவிட்டேன். பதினான்கு அங்குலச் சதுரம், நடுவில் மூன்று அங்குலக் குழி. தூண்களின் தலைக்கட்டையான போதிகைகள் இரண்டு இன்னும் மேலே உத்தரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றை அளக்கவில்லை. ஏணியைப் பிடிக்க இங்கே ஆள் இல்லை.

அப்பச்சி