பழவேற்காடு ஏரிக்கு இரு மாநிலக் குழு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழவேற்காட்டில் இறாலும் நண்டும் வாங்கிச் சென்னைக்கு அனுப்பும் வியாபாரி நான். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் இரு கரையிலும் கல் சுவர் கட்டி, அதை நிரந்தரமாகத் திறந்து வைக்கும் தமிழக அரசின் திட்டம் எங்களுக்கு நல்ல சேதிதான். மணல் மூடினால் ஃபைபர் படகு தரைதட்டும். ஆட்கள் தண்ணீரில் இறங்கித் தள்ளித்தான் கடலுக்குப் போக வேண்டும். ஆனால் படகு போக வழி கிடைத்தது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, உப்பும் நன்னீரும் கலந்த ஏரியில் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். வழி அடைத்தால் வரத்து குறையும். எங்களுக்கு முன்பே அது தெரிவது இருளர் பெண்களுக்கு. பறி என்னும் ஓலைக் கூடையைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் அவர்கள். பறி நிறையாத நாளில் என்னிடம் வந்து என்ன விலை பேசுவார்கள்?

ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஆரணியாறு பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை வழியாக வந்து ஏரியில் சேர்கிறது. காளங்கி ஆறு ஆந்திரப் பக்கமே கலக்கிறது. நன்னீர் அங்கிருந்து வருகிறது, தெற்கு முகத்துவாரத்துக் கடல் நீர் இங்கிருந்து போகிறது. வடக்கே தங்கள் பக்கம் உள்ள ராயதொருவு முகத்துவாரத்தைத் தூர்வார வேண்டும் என்று அவர்களும் கேட்கிறார்கள். சரி, வடக்கே தோண்டினால் தெற்கே உப்பு என்ன ஆகும்? விசாரித்தேன். "அது ஆந்திரா விவகாரம்" என்று பதில் வந்தது.

சென்னைக்குக் குடிநீர் வேண்டும் என்றதும் 1983-இல் இதே இரு மாநிலங்கள் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் போட்டன. கிருஷ்ணா நீர் நம் எல்லைக்குள் நுழையும் ஜீரோ பாயிண்டில் இன்றும் அளந்து பார்க்கிறார்கள். ஏரிக்கு மட்டும் ஏன் முடியாது? சிலிகா ஏரிக்கு ஒடிசா தனி ஆணையம் வைத்து, 2000-இல் புது முகத்துவாரம் வெட்டியது; மீன்வளம் மீண்டது. அது ஒரே மாநிலத்து ஏரி, வேலை சுலபம் என்பது உண்மைதான். தமிழகத்தில் 20 ராம்சர் இடங்கள் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள்) இருந்தும் பழவேற்காடு அதில் இல்லாததற்கு, ஏரி இரண்டு பேருக்கும் பொது என்பதும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம்.

முதல் வேலையாக, இரு பக்கமும் ஒரே நாளில் உப்பும் ஆழமும் அளந்து, அந்தக் கணக்கைத் தமிழிலும் தெலுங்கிலும் வெளியிடட்டும். இரு அரசுகளின் வனம், மீன்வளம், நீர்வளத் துறையினர் கொண்ட குழு ஒன்று அமையட்டும். யார் எந்த இடத்தில் எப்போது வலை கட்டுவது என்று பாடு முறையில் சண்டையில்லாமல் பிரித்துக்கொள்ளும் மீனவப் பெரியவர்களையும், அந்த இருளர் பெண்களையும் அதில் சேர்க்க வேண்டும். கூட்டத்தை ஆந்திர எல்லையில் உள்ள தடாவில் வைத்தால் இரு தரப்புக்கும் பஸ் வசதி உண்டு.

இப்படிக்கு,
மீன் வியாபாரி, பொன்னேரி