"காற்று கூடுதல் வந்தால் நல்லதுதானே" என்று கேட்ட உங்கள் சேவை மையம் குறித்துப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி,
தலைமை அலுவலகம்.

பொருள்: நிற்காமல் காற்றைக் கொட்டும் (ஃப்ரீ ஃப்ளோ) ஸ்கூபா டைவிங் ரெகுலேட்டரை, அதாவது கடலுக்கடியில் சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவியை, "சரிபார்க்கப்பட்டது" என்று சீட்டு ஒட்டித் திருப்பிக் கொடுத்தது.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தை முதலில் உங்கள் கொச்சி சேவை மையத்துக்கு எழுதினேன். பிறகு சென்னை அலுவலகத்துக்கு எழுதினேன். அவர்கள் இவர்களைக் கை காட்ட, இவர்கள் அவர்களைக் கை காட்ட, நடுவில் நின்று களைத்துப்போனேன். அதனால்தான் நேராக உங்களுக்கே எழுதுகிறேன். தயவுசெய்து முழுவதையும் படியுங்கள்.

எந்த மாடல் என்று விளக்க வேண்டியதில்லை. பில்லும் சீரியல் எண்ணும் இணைத்திருக்கிறேன். உங்கள் பொருள் உங்களுக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் உங்கள் டீலர் கடையில் வாங்கியது, நாற்பதாயிரத்துக்கு மேல் கொடுத்தேன். வாங்கிக் கொஞ்ச நாளிலேயே, வாயில் வைக்காமல் சும்மா இருக்கும்போதே வாயில் கடிக்கும் பாகமான செகண்ட் ஸ்டேஜ் சீற ஆரம்பித்தது. சிலிண்டரில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் காற்றை அடைக்கும் சீட் பிடிக்கவில்லை, அங்கிருந்து வாய்ப் பாகத்துக்கு வரும் இடை அழுத்தம் ஏறுகிறது என்று கோவளத்தில் எங்களுக்கு டைவிங் சொல்லித்தந்த சேட்டன் கேட்ட மாத்திரத்தில் சொன்னார். வாரண்டி இருக்கிறதே, கம்பெனிக்காரர்களே பார்க்கட்டும் என்று உங்களிடம் வந்தேன்.

வந்தால், என் வீடு மார்த்தாண்டம் என்பதுதான் உங்களுக்குப் பெரிய சிக்கலாகிவிட்டது. முகவரி தமிழ்நாடு, ஆகவே சென்னையைக் கேளுங்கள் என்றது கொச்சி. "உங்க பில் கேரளா பில் சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றது சென்னை. களியக்காவிளையைத் தாண்டினால் எங்களுக்குக் கேரளா. மருத்துவமனைக்கும் கல்யாணப் புடவைக்கும் திருவனந்தபுரம் போகிறவர்கள் நாங்கள். 700 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற சென்னைக்கு நான் ரெகுலேட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? சென்னையில் பேசிய பெண், என் பேச்சைக் கேட்டு "நீங்க மலையாளியா சார்?" என்று வேறு கேட்டார். இது எங்களுக்குப் பழகிய கேள்விதான். வாரண்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கடைசியில் கொச்சி இறங்கி வந்து, இன்ன தேதியில் நேரில் கொண்டுவாருங்கள் என்று சொன்னது. குழித்துறையில் விடியற்காலை பரசுராம் ரயில் பிடித்துப் போனேன். எர்ணாகுளத்தில் இறங்கினால் ஊரே அடைத்துக் கிடக்கிறது. ஹர்த்தால்! முந்தின நாள் மாலையே அறிவித்துவிட்டார்களாம். தேதி கொடுத்தவருக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லையா? ஆட்டோ கிடையாது, தோளில் பையோடு வெயிலில் நடந்தேன். உங்கள் ஷட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த காவலாளி, "இன்னு ஹர்த்தாலல்லே சேட்டா" என்று பரிதாபமாகப் பார்த்தார். உங்கள் நிறுவனத்தில் என்னிடம் மரியாதையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அன்று டீ கூடக் கிடைக்கவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு வீண் பயணம் போனதில்லை.

சரி, அதையும் விட்டுவிடலாம். மறுபடி கொண்டுபோய்க் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, திரும்பி வந்தது. "சுத்தம் செய்து சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு சீட்டு. வாரண்டிப் பொருளுக்கு 3,800 ரூபாய் பில். இடை அழுத்தம் எத்தனை பார் (அழுத்த அளவு) காட்டியது என்று சீட்டில் ஒரு வரி இல்லை. சிலிண்டரில் 200 பார் இருக்கும்போது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதை ஒன்பது பத்து பாருக்குக் குறைத்து, அங்கேயே பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு கேஜ் (அழுத்தமானி) மாட்டி முள் அப்படியே நிற்கிறதா, மெல்ல ஏறுகிறதா என்று சில நிமிடம் பார்த்தால் முடிகிற வேலை. கேஜ் மாட்டினீர்களா, மாட்டவில்லையா? இதுதான் என் கேள்வி. இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

உங்கள் சீட்டை நம்பித்தான் கோவளத்தில் இறங்கினேன். படகில் ஒருவருக்கொருவர் கருவிகளைச் சரிபார்த்துக்கொண்டோம். கேஜைப் பார்த்துக்கொண்டே நாலைந்து முறை மூச்சு இழுத்தேன், முள் ஆடவில்லை, சீறலும் இல்லை. சுமார் 12 மீட்டர் ஆழத்தில் திடீரென்று கொட்ட ஆரம்பித்தது. குமிழிகளில் எதிரே இருப்பவர் தெரியவில்லை. அந்த ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், சிலிண்டரும் அந்த வேகத்தில்தான் காலியாகும். முள் கண் முன்னால் இறங்குகிறது. பயிற்சியில் சொல்லித்தந்தபடி உதட்டை இறுக்கி மூடாமல், வழிகிற காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே என்னோடு இறங்கியிருந்த மச்சானுக்குச் சைகை காட்டினேன். என் ஆக்டோபஸும் (அவசரத்துக்கான இன்னொரு வாய்ப் பாகம்) அதே ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் தொங்குவது, அதனால் என்ன பயன்? அவனுடைய மஞ்சள் ஆக்டோபஸை வாங்கி வாயில் வைத்து, ஒருவர் வாரை ஒருவர் பிடித்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒன்பது மீட்டரைத் தாண்டாமல், மூச்சை அடக்காமல் ஏறினோம். கடைசிப் பத்து மீட்டரில்தான் நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காகும். பயந்துபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டு விருட்டென்று மேலே வருகிறவனுக்கு நுரையீரல் கிழியும். மச்சான் சிலிண்டரில் காற்று தாராளமாக இருந்ததால் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். மேலே வந்தபோது என் சிலிண்டர் காலி. பட்டனை அழுத்தினால் மிதக்க வைக்கும் ஜாக்கெட்டில் காற்று ஏறாது. அலையில் ஆடிக்கொண்டே வாயால் ஊதினேன்.

இதையெல்லாம் உங்கள் உதவி எண்ணில் சொன்னேன். விளம்பரமும் பாட்டும் முடிந்து ஒருவர் எடுத்தார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "காற்று கூடுதல் வந்நால் நல்லதல்லே சாரே?"

ஐயா, அந்த அழைப்பு பதிவாகிறது என்று நீங்களே ஆரம்பத்தில் அறிவிக்கிறீர்கள். எடுத்துப் போட்டுக் கேளுங்கள். பழுதானால் அடைத்துக்கொள்ளாமல் காற்று கொட்டும்படிதான் செகண்ட் ஸ்டேஜ் அமைப்பு என்பது எனக்கும் தெரியும். அது மேலே வந்து சேர நேரம் கிடைப்பதற்காக. சிலிண்டர் காலியாவதை உட்கார்ந்து ரசிப்பதற்காக அல்ல. அவர் இதுவரை குளத்திலாவது முங்கியிருக்கிறாரா? அவரிடம் பெயர் கேட்டேன், இணைப்பைத் துண்டித்துவிட்டார். அடுத்த நிமிடம் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, ஐந்து நட்சத்திரம் தாருங்கள்" என்று குறுஞ்செய்தி.

அப்புறம் வந்த அறிக்கைதான் இன்னும் மோசம். உப்பு படிந்திருக்கிறதாம், ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் கெட்டிருக்கிறதாம், வாடிக்கையாளரின் அலட்சியமாம். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயை மூடும் டஸ்ட் கேப்பைத் துடைத்து மாட்டி, நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஊறும்போது தண்ணீர் உள்ளே போகாதபடி செகண்ட் ஸ்டேஜின் பர்ஜ் பட்டனை அழுத்தாமல், நிழலில் உலர்த்துகிறவன் நான். ரப்பர் ஷீட் வியாபாரம் செய்கிறேன், ரப்பர் எப்படிக் கெடும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அதிருக்கட்டும், சுத்தம் செய்ததாக 3,800 ரூபாய் வாங்கியது நீங்கள்தானே? அப்படியானால் அந்த உப்பு யாருடையது?

என் நஷ்டத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கட்மத் தீவுக்கு லட்சத்தீவு அனுமதி வாங்கி, கொச்சியிலிருந்து கப்பலும் பதிவு செய்திருந்தேன், எல்லாம் போயிற்று. மழை முடிந்து கடல் தெளிந்திருக்கும் இந்தப் பருவம் முழுவதும் பாழ். மனைவி இப்போது குளச்சலுக்கு மீன் வாங்கப் போகக்கூட என்னை விடுவதில்லை. மச்சான் வீட்டிலும் பேச்சு கேட்கிறேன். குடும்ப நிம்மதியே போய்விட்டது, இதற்குப் பத்து லட்சம் கேட்டாலும் குறைவுதான்.

ஆனாலும் நல்ல முறையில் முடிக்கத்தான் விரும்புகிறேன். முழுப் பணத்தையும் 3,800 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். புது ரெகுலேட்டர்தான் தருவீர்கள் என்றால், என் முன்னாலேயே கேஜ் மாட்டிக் காட்டித் தாருங்கள். இதே தொகுப்பில் விற்றவற்றையும் திரும்ப வாங்கிச் சோதியுங்கள், அடுத்தவன் பக்கத்தில் மச்சான் இல்லாமல் போகலாம். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவேன். அதோடு நிற்க மாட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பில் எந்த மாநிலத்தது என்ற உங்கள் கதை அங்கே எடுபடாது. நாகர்கோவில் எனக்கு ஒரு பஸ் தூரம். கொச்சியும் சென்னையும் அங்கே வரட்டும்.

ரெகுலேட்டர் என்னிடம்தான் இருக்கிறது. இனி கூரியரிலும் அனுப்ப மாட்டேன், நானும் சுமந்துகொண்டு வர மாட்டேன். ஆள் அனுப்பி, சீரியல் எண் எழுதிய ரசீது கொடுத்துவிட்டு எடுத்துப்போகலாம். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கடை பூட்டியிருக்கும், அந்த நேரம் தவிர்த்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

இணைப்பு: பில் நகல், சர்வீஸ் சீட்டு, 3,800 ரூபாய் ரசீது, "தீர்க்கப்பட்டது" குறுஞ்செய்தியின் படம்.