மைனிக்கு, இரண்டு வருடம் கழித்து

மைனி,

ஜூன் 2ஆம் தேதி பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த விஷயம் வேறு ஆள் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அரசுப் பள்ளி கேட் முன்னால் நீங்களும் அண்ணனும் பிள்ளையும் நிற்கிற போட்டோவை யாரோ ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். பிள்ளைக்கு முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. அதுகூட எனக்குத் தெரியவில்லையே என்றுதான் அழுகை வந்தது.

போனில் கூப்பிட்டால் "சரி, வைக்கட்டா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். நம்ம ஊர்க்காரர்களும் படிப்பார்கள், தெரியும். பள்ளி பெயரையோ ஆட்கள் பெயரையோ நான் எழுதப்போவதில்லை.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டிய 25 சதவீத இலவச இடத்துக்குப் பதிய, 2023 ஏப்ரல் கடைசியில் அந்த இ-சேவை மையத்தில் நாம் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் போகவில்லை, மைனி. நீங்கள் துணிக்கடை கவர் ஒன்றில் எல்லாக் காகிதத்தையும் வைத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தீர்கள். பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல், பிள்ளைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அப்புறம் அந்த வருமானச் சான்றிதழ். இரண்டு லட்சத்துக்குக் கீழே என்று வாங்குவதற்காக அண்ணன் ரெண்டு நாள் ரப்பர் பால்வெட்டை விட்டுவிட்டு அலைந்தான். கம்ப்யூட்டரில் இருந்த பெண், வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வருகிற பள்ளிகளைத் திறந்தாள். நாம் நினைத்திருந்த பள்ளி அதில் இல்லை. "ஒருதடவகூடி பாரு மக்ளே" என்றீர்கள். அவள் பார்த்தாள். மறுபடியும் சொன்னீர்கள். மூன்றாவது தடவை அவள் திரையை நம் பக்கம் திருப்பியே வைத்துவிட்டாள்.

நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. காகிதங்களை ஒவ்வொன்றாகக் கவருக்குள் வைத்தீர்கள். வருமானச் சான்றிதழை மட்டும் கடைசியாக, நான்காக மடித்து.

அந்த வருடம் பிப்ரவரியில் சீட்டுப் போட்டு எடுத்த பணம் உங்கள் கையில் இருந்தது. அதே பள்ளியில் அப்போது இடமும் இருந்தது. "பணம் கட்டாதீங்க மைனி, 25 சதவீதத்தில் ஃப்ரீயா கிடைக்கும்" என்று தடுத்தது நான்தான். ஏப்ரலுக்குள் அங்கே எல்லா இடமும் நிரம்பிவிட்டது. இதற்கு மன்னிப்பு கேட்கிறேன். இத்தனை நாள் வீட்டில் எல்லோரிடமும் சுற்றி வளைத்துச் சொன்னதை இப்போது நேராகச் சொல்கிறேன்: தப்பு என்னுடையது.

ஆனால் நான் பொய் சொல்லவில்லை. 2021இல் என் பையனுக்குக் குலுக்கலில் அப்படித்தான் கிடைத்தது. எட்டாம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் கிடையாது. என்னென்ன காகிதம் வேண்டும், எந்தத் தேதி, எப்படிப் பதிய வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்ததெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் இருந்த அம்மாமார்தான். புத்தகம், யூனிஃபார்ம், வேன் என்று தனியாகப் பணம் கேட்பார்கள், தயாராக இரு என்று முன்கூட்டியே எச்சரித்ததும் அவர்கள்தான். கட்டணக் குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது என்பதே எனக்கு அங்கேதான் தெரியும். அலுவலகத்தில் கேட்டால் மூஞ்சியைத் திருப்புகிற கேள்விக்கு, அடுப்பில் சோறு வேகும்போதே ஒருத்தி பதில் போடுவாள். அவர்களை நான் எப்படிக் குறை சொல்வேன்?

அவர்கள் சொன்னது அவர்கள் ஊருக்குச் சரி. நம்ம கன்னியாகுமரி ஜில்லாவில் கிறிஸ்தவ சபைகளும் மறைமாவட்டமும் நடத்துகிற பள்ளிகள் எத்தனை! சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு 2009 கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. (சபையைக் குறை சொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். நம்ம பாட்டிமார் எழுத்துப் படித்தது அந்தப் பள்ளிகளில்தான்.) கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி "எல்லா பிரைவேட் ஸ்கூலும் கொடுத்தே ஆகணும்" என்று எழுதியிருந்தாள். கீழே நாற்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். நாம் நினைத்த பள்ளியும் சபை நடத்துகிற பள்ளிதான், அங்கே நடந்தே போகலாம், மைனி. வாட்ச்மேனிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். என் பையன் படிக்கிற மாதிரி உங்கள் பிள்ளை படித்துவிடக்கூடாது என்று நான் வேண்டுமென்றே தடுத்தேன் என்று நீங்கள் சொன்னதாக என் காதுக்கு வந்தது. கல்யாண வீட்டில், பந்தியில் வைத்து. அதை எப்படி மைனி சொன்னீர்கள்? பிரசவ வார்டு வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, உங்கள் பிள்ளையை முதலில் கையில் வாங்கியவள் நான். அந்த இ-சேவை மையத்து நாளுக்கப்புறம் நீங்கள் என்னை ஒருதடவைகூட "மக்ளே" என்று கூப்பிட்டதில்லை. பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறீர்கள்.

சரி, விடுங்கள். நீங்கள் அதைச் சொல்லவே இல்லையோ என்னவோ. அதுவும் ஒருத்தி சொல்லி இன்னொருத்தி சொல்லி வந்ததுதான்.

இந்த 2025ஆம் வருடம் ஏப்ரலும் மேயும் போய்விட்டது, 25 சதவீத இடத்துக்கான விண்ணப்பப் பதிவு தொடங்கவே இல்லை. மத்திய அரசு பணம் தரவில்லை என்கிறது மாநில அரசு. "நாளைக்குத் தொடங்குதாம்" என்று அந்த வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாராவது போடுகிறார்கள். அதை நம்பி, கையில் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ, என்னால் தாங்க முடியவில்லை. நேற்று ராத்திரி நம் கதையை, உங்கள் பெயரும் ஊரும் இல்லாமல், அங்கே எழுதினேன். நான் தடுத்ததையும் எழுதினேன். கருங்கல் ஊர்ப் பக்கத்து அம்மா ஒருத்தி தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, நானும் அதே மாதிரி ஸ்கூலைத்தான் நெனச்சிருந்தேன், நாளைக்கே நேர்ல போய்க் கேக்குறேன்" என்றாள்.

மழை விடாமல் பெய்கிறது, அண்ணனுக்கு வெட்டு இருக்காது. ஞாயிற்றுக்கிழமை குலசேகரம் வருகிறேன். அன்றைக்கு மீந்த போட்டோ இரண்டு என் பையில் வந்துவிட்டது, சிவப்பு ரிப்பன் போட்டது. பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். விழுந்த பல்லையும் பார்க்க வேண்டும்.